வைரசு நோயும் செடியின் தற்காப்பும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய விஞ்ஞானச் சொற்பொழிவு)



நமக்கு நோய் வந்தால் வைத்தியரை நாடுகிறோம். நமது குருதியிலும் நோய்க் கிருமிகளைத் தேடிச் சென்று அழிக்கும் கலங்கள் உள. செடிக்கோ குருதியுமில்லை, விலகி ஓடக் காலுமில்லை. அத்தகைய செடிக்குள் வைரசு புகுந்துவிட்டால் அஃது என்ன செய்யும்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம்.

புகையிலையை உதாரணமாகக் கொள்கிறேன். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அதனை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. அன்றியும், வைரசு என ஒன்று உண்டென்பதை உலகம் முதலில் அறிந்ததே புகையிலையின் சித்திரவடிவ நோயினாலேதான். இலையில் இளம்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகத் தோன்றும் இந்நோயை 1886ஆம் ஆண்டில் அடொல்ப் மாயர் என்பார் விவரித்தார். பற்றீரியாவைத் தடுக்கும் வடியினூடாகவும் நோய்ச்சாறு கடந்து செல்வதை 1892இல் இவனோவ்ஸ்கி கண்டார். இது பற்றீரியா அன்று, வேறொரு பொருள் என 1898இல் பெய்ஜெரிங்க் துணிந்தார்.

இவ்வைரசு தானாக இலையைத் துளைக்க வல்லதன்று. உரசலால் உண்டாகும் சிறு காயத்தின் வழியே புகுந்து, ஒரு கலத்திற் பெருகி, கலங்களை இணைக்கும் நுண்வழிகளால் அடுத்த கலத்திற்குச் செல்கிறது. உணவு செல்லும் குழாய்களை அடைந்துவிட்டால் செடி முழுவதும் பரவிவிடும். ஆகவே, அதற்கு முன்னரே மறிப்பதுதான் செடியின் வேலை.

புகையிலையின் காட்டினமான நிக்கொற்றியானா குளுற்றினோசாவின் இலையில் நோய்ச்சாற்றைத் தேய்த்தால் சித்திரவடிவம் தோன்றுவதில்லை. இரண்டு மூன்று நாட்களிற் சிறு சிறு கருகற் புள்ளிகளே தோன்றும். அமெரிக்க விஞ்ஞானி ஹோம்ஸ் 1929இல் இப்புள்ளிகளை எண்ணியே சாற்றிலுள்ள வைரசை அளக்க வழி கண்டார். புள்ளியைக் கண்டவுடன் நோய் முற்றிவிட்டதென்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. வைரசு புகுந்த கலத்தையும் அதைச் சூழ்ந்த கலங்களையும் செடி தானே சாகவிடுகிறது. வைரசு அந்தச் சிறு வட்டத்துள் அடைபட்டுப்போகிறது. இத்தற்காப்பு ஒரேயொரு பரம்பரை அலகினால் வருவது. ஹோம்ஸ் அதனை இனக்கலப்பினாற் பயிர்ப் புகையிலைக்கும் கொண்டுவந்தார். 1994இல் அது தனியே பிரித்தறியப்பட்டது.

இதைவிட வியப்பானது 1961இல் றொஸ் என்பார் கண்டது. கீழிலைகளில் இப்புள்ளிகள் தோன்றிச் சில நாட்களின் பின் மேலிலைகளில் வைரசைத் தேய்த்தால், அங்கே புள்ளிகள் குறைவாகவும் சிறியனவாகவும் வந்தன. நரம்பில்லாத செடியில் கீழிலையின் செய்தி மேலிலைக்கு எட்டியிருக்கிறது! இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் வைற் என்பவர் 1979இல் நம் வீடுகளிலுள்ள அஸ்பிரினையே புகையிலை இலையில் ஊசியால் ஏற்றி, பின்னர் வைரசைத் தேய்த்தார். அப்பொழுதும் புள்ளிகள் குறைந்தன. அஸ்பிரினுக்கு நெருங்கிய சலிசிலிக் அமிலத்தைச் செடி தானே உண்டாக்கித் தன்னை எச்சரித்துக்கொள்கிறதென்பது 1990இல் தெளிவாயிற்று. நாளைக்கே மிளகாய்க் கன்றுக்கு அஸ்பிரின் கரைத்து ஊற்ற யாரும் புறப்படவேண்டாம். அந்தப் பரிசோதனையில் மருந்து முந்தியது, வைரசு பிந்தியது. நோய் கொண்ட செடியை அது சுகப்படுத்தியதன்று.

இன்னொன்று நம் ஊரார் கவனிக்கத்தக்கது. ஹோம்ஸ் கொண்டுவந்த தற்காப்பு 28 பாகை செல்சியசுக்கு மேல் வேலை செய்யாது. வெப்பத்தில் வைரசு தடையின்றிப் பரவும். பின்னர் குளிர்ந்தால் தற்காப்பு மீண்டும் விழித்து, வைரசு சென்ற இடமெல்லாம் கருகிச் செடியே மடியவுங்கூடும். யாழ்ப்பாணத்துப் பகல் வெப்பம் பெரும்பாலும் 28 பாகையைத் தாண்டுவது. குளிர்நாட்டில் நற்பெயர் வாங்கிய விதை இங்கும் அவ்வாறே நிற்குமென்று நம்பி விலைகொடுப்பவர் இதனை விசாரித்தே வாங்கவேண்டும்.

வேறொரு விதமான போரும் உண்டு. புகையிலையின் வளையப்புள்ளி நோயிற் கீழிலைகள் வருந்த, பின்னர் தளிர்க்கும் இலைகள் குறியின்றி வருவதை 1928இல் விங்காட் கண்டார். காரணம் தெரிய எழுபது ஆண்டுகள் சென்றன. வைரசு பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செடி சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அத்துண்டுகளையே அடையாளமாகக் கொண்டு அதே வைரசின் ஆர்.என்.ஏ.யைத் தேடி அழிக்கிறது. அத்துண்டுகளை 1999இல் ஹமில்ரனும் போல்கொம்பும் கண்டுபிடித்தனர். வைரசும் சும்மா இருப்பதில்லை. இவ்வெட்டு வேலையை முடக்கும் புரதங்களைப் பல வைரசுகள் வைத்திருக்கின்றன. யார் முந்துகிறார் என்பதிலேயே செடியின் உயிர் தங்கியிருக்கிறது.

குறியின்றித் தளிர்த்த செடியிலும் வைரசு சிறிதளவு எஞ்சியிருக்கும். செடியைக் குணமாக்கும் தெளிமருந்து கடையில் இல்லை. தேமல் கண்ட கன்றைப் பிடுங்க மனம் வராமல் நான்கு நாள் பொறுத்துப் பார்ப்போர் பலர். அந்த நான்கு நாளும் அதைத் தொட்ட கை அடுத்த கன்றையும் தொடுகிறது. சித்திரவடிவ வைரசு உலர்ந்த புகையிலையிலும் நெடுநாள் அழியாது கிடப்பது. ஆதலால், சுருட்டுப் பிடித்த கையோடு தக்காளி நாற்றையோ மிளகாய் நாற்றையோ தொடுதல் ஆகாது. சவர்க்காரமிட்டுக் கைகழுவி, ஆடை நீக்கிய பாலில் விரல்களை நனைத்துக்கொண்டு நாற்று நடலாம். பாலிலுள்ள புரதம் இவ்வைரசு தொற்றுவதைத் தடுக்கும்.