பாதரசத்தை அளந்த கதை
(ஏற்காட்டில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வரும் வழியில் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரப்பட்டைகளில் சாம்பல் நிறத்தில் லைக்கன் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வேர் கிடையாது. வேண்டியதைக் காற்றிலும் மழையிலும் இருந்தே எடுத்துக்கொள்கிறது. வேண்டாததும் சேர்ந்து வருகிறது. கொடைக்கானலில் காற்றில் கலந்த பாதரசத்தை அறிய, ஹைதராபாத் ஆய்வகத்தார் லைக்கனையும் பாசியையும்தான் சேகரித்தார்கள்.

அங்கிருந்த இந்துஸ்தான் லீவர் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடி உடைசல் ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் மூடினார்கள். 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

அளக்கும் முறை நாம் நடத்தும் ஒடுக்க வினைதான். மாதிரியை அமிலத்தில் கரைத்து ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால் பாதரச அயனி உலோகமாகிறது. சாதாரண வெப்பநிலையிலேயே அது ஆவியாகும். (ஆய்வகத்தில் வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது என்பதும் இதனால்தான், உருண்டைகள் சிதறினால் ஆவியும் கூடும்.) அந்த ஆவியின் ஊடே 253.7 நானோமீட்டர் புற ஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள். சுடர் தேவையில்லை, ஆகவே குளிர் ஆவி முறை என்று பெயர்.

கருவியைவிடப் புட்டிதான் தொல்லை. சாதாரண பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து வைத்த நீரில் பாதரசம் நாளாக நாளாகக் குறைந்துவிடும். அமிலம் சேர்த்துக் கண்ணாடியிலோ டெஃப்லானிலோ எடுக்க வேண்டும். அந்த அமிலத்திலேயே பாதரசம் இருந்தால்? அதற்காகத் தூய நீரையும் அதே அமிலத்தோடு அதே வகைப் புட்டியில் வைத்து அளக்கிறார்கள்.

2006-இல் வெளியான ஆய்வில், கொடை ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்தியக் குடிநீர் வரம்போ 1000 நானோகிராம். அப்படியானால் ஏரி சுத்தம் என்று எழுதிவிடலாமா? அவர்கள் எழுதவில்லை. பேரிஜம், குக்கல் ஏரி நீரையும் எடுத்து அளந்தார்கள். அங்கே அளவு மிகவும் குறைவு. தவிர, கொடை நீரில் 50 நானோகிராம் மெத்தில் பாதரசமாகவே இருந்தது. மினமாட்டாவில் மீன் தின்றவர்களை முடக்கியது அதுதான். அது மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். குடிநீர் வரம்பு மீனுக்காகப் போட்டதல்ல.

ஏற்காடு ஏரியை இப்படி ஆராய்வதானால் ஒப்பிட எந்த நீரை எடுக்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "மேட்டூர் அணை" என்றான் ஒருவன். "அது கீழே இருக்கு, ஆத்துத் தண்ணி வேற" என்று மற்றவர்களே மறுத்தார்கள். "கிளியூர் அருவி" என்றாள் ஒருத்தி. பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "நம்ம ஏரி வழிஞ்சுதானே சார் அங்க போகுது!"