பிள்ளைக்குச் சாட்சி யார்?

(ஆலயக் கல்வி நிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)



அம்மன் சந்நிதியில் முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் இடம் கிடைத்த ஒரு மாணவி நம் நிதிக்கு விண்ணப்பித்தாள். தாய் இறந்துவிட்டார். இரண்டாம் ஆண்டு படிக்கையில் விட்டுப் போன தகப்பனைப் பற்றித் தகவலே இல்லை. வளர்த்தது பாட்டி. பாரத்தில் தகப்பனார் கையெழுத்தும் சம்பளச் சீட்டும் இல்லை. "வாங்கி வா" என்று திருப்பி அனுப்பியவன் நான்தான். "சார், எங்கப்பா இருந்திருந்தா நான் உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேனே" என்றாள். பிறகு அவள் வரவில்லை. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்த எனக்கு அந்தச் சொல் இன்றும் சுடுகிறது.

1997இல் தோன்றிய பி.டி.பி.டி.என். கல்விக் கடனுதவி உட்பட, பெரும்பாலான உதவிகள் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. நம் நாட்டில் 18 வயதானவர் சட்டப்படி பெரியவர். ஆனால் கல்வி உதவி என்று வரும்போது பெற்றோர் வருமானத்தைத்தான் கேட்பார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். 24 வயது ஆகும்வரை மாணவரைப் பெற்றோரைச் சார்ந்தவராகவே அரசு கருதுகிறது. மணமானவர், பெற்றோர் இருவரையும் இழந்தவர் போன்ற சிலருக்கே விலக்கு. பெற்றோர் பணம் தர மறுத்தார்கள் என்பது மட்டும் போதாது. ஆனால் பெற்றோர் கைவிட்டது போன்ற நிலையில், ஆசிரியரோ சமயப் பணியாளரோ நிலைமையை எழுதிக் கொடுத்தால் கல்லூரி அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம். அங்கேயும் சாட்சிக்கு மதிப்புண்டு என்பதைக் கவனியுங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சாட்சி யார்? செண்டாயான் வட்டாரம் தோட்டமாக இருந்தபோது எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது கிராணிக்குத் தெரியும், மண்டோருக்குத் தெரியும். இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரமாக எழுந்து நிற்கிறது. லயங்கள் போயின, மக்கள் சிதறினார்கள். நம்மை இன்னும் பெயர் சொல்லி அறிந்திருப்பது இந்த ஆலயம்தான்.

ஆகவே, பேரப் பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிமார்களே, ஐந்தாம் படிவம் முடியும்வரை காத்திராதீர்கள். பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், மணவிலக்கு ஆணை ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். பிள்ளையின் பொறுப்பை நீதிமன்றம் உங்களிடம் ஒப்படைக்க 1961ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஏழாண்டுகள் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருத, 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இடம் தருகிறது. அது தானாக நடக்காது. வழக்கறிஞரின் துணை வேண்டும். நிலைமையை உள்ளபடி எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்டு வையுங்கள். பொய் எழுதினால் குற்றம். எந்தப் பத்திரம் ஏற்கப்படும் என்பதை உதவி வழங்கும் அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேளுங்கள்.

மணமக்களுக்கும் ஒரு சொல். 1982 மார்ச் 1 முதல் நம் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். சந்நிதியில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால், பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்குப் பிள்ளை பின்னாளில் அலைய நேரும்.

நன்கொடையாளர்களே, இவ்வாண்டு நம் பாரத்தை மாற்றிவிட்டோம். 'தகப்பனார் கையெழுத்து' என்றிருந்த இடத்தில் இப்போது 'பிள்ளையை வளர்ப்பவர் கையெழுத்து' என்றிருக்கிறது. வீட்டுக்குச் சென்று பார்த்து, உண்மை அறிந்து, செயற்குழுவினர் இருவர் சாட்சிக் கையொப்பம் இடுகிறோம். அந்தப் பாரத்தில் முதல் கைரேகை வைத்தவர் அதே பாட்டி. இன்று முதலாவதாக உதவி பெறப்போகிறவன் அந்த மாணவியின் தம்பி.

அக்காவுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. மீண்டும் படிக்க வரும்படி அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வந்தால், அவள் பாரத்தில் முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

அம்மன் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.