இடது பக்கம் ஏன் பேசவில்லை?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஸ்டீரியோ டூ-இன்-ஒன்னில் இடது, வலது என்று ஒரே மாதிரி இரண்டு சர்க்யூட் உண்டு. ஒன்று கெட்டால், அது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று மற்றது காட்டிக் கொடுக்கும். சர்க்யூட் டயகிராம் கிடைக்காத பழைய பெட்டிக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பிளவக்கல் அணைப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவிடம் அப்படி ஒரு ஜப்பான் பெட்டி. பெரியப்பா 1980-களில் வளைகுடாவில் வேலை பார்த்தபோது, அன்று பலரும் செய்ததுபோல, கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். அவர் காலமாகிவிட்டார், ஒரே ஒரு கேசட் மிஞ்சியது. "இஞ்சினியருக்குப் படிச்சியே ராசா, உங்க பெரியப்பா பேசுறதைக் கேக்க வச்சிரு பாப்போம்" என்றார்.

பெல்ட் தார் மாதிரி இளகி ஒட்டிக் கிடந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பெல்ட்டைப் போட்டேன். அது சுலபம். இடது ஸ்பீக்கர்தான் பாடாய்ப் படுத்தியது. சத்தத்தைக் கூட்டினால் பேசும், குறைத்தால் ஊமை. ஏற்கெனவே யாரோ ஐ.சி.யையும் கெபாசிட்டர்களையும் மாற்றிப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள்.

ரேடியோவிலும் அதே கோளாறு. ஆகவே டேப் ஹெட்மேல் குற்றமில்லை. ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றினேன். இடது பேசியது, வலது ஊமையாயிற்று. ஸ்பீக்கரும் நிரபராதி! அப்புறம் ஹெட்போனைச் செருகினேன். இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது. அப்படியென்றால் ஆம்பிளிஃபயரும் சரி. மிச்சம் என்ன? அந்த ஹெட்போன் சாக்கெட்தான். பிளக்கைச் செருகினால் உள்ளே ஒரு சின்னத் தகடு விலகி ஸ்பீக்கரைத் துண்டிக்கும், எடுத்தால் மறுபடி தொடும். தொடுகிற இடத்தில் கறுப்புப் படிந்திருந்தது. பலமான சிக்னல் அதைத் தாண்டிவிடும், மெல்லியது தாண்டாது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது முப்பது தடவை செருகி எடுத்தேன். ஐந்து நிமிஷ வேலை. கண்டுபிடிக்கத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை!

அதுவரை பெரியப்பா கேசட்டை உள்ளே போடவே இல்லை. சோதனைக்கெல்லாம் ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட்தான். அவருடைய கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளை முதலிலேயே உடைத்துவிட்டேன். உடைத்தால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, கை தவறினாலும் குரல் அழியாது. டேப்பை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் துண்டும் விழுந்திருந்தது. இன்னொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டேன். இரண்டாம் தடவைக்கு டேப் தாங்குமா என்று யார் கண்டது?

பெட்டியை இன்று இரவல் வாங்கி வந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லேபில் திறந்து வைக்கிறேன். வாருங்கள் தம்பிகளே, ஆளுக்கொரு ஹெட்போனோடு.