கையெழுத்து வைக்க முன்னம்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சங்கத்துக்கு நிரந்தரமாய் ஒரு இடம் வேணும் என்று கனகாலமாகப் பேசி வருகிறோம். இப்போது ஒரு இடம் வந்திருக்கிறது. விக்ரோறியா மகாராணி காலத்துப் பள்ளிக்கூடம். 25 வருடக் குத்தகை. வாடகை குறைவு. "உடனை கையெழுத்தை வையுங்கோ, விட்டால் வேறை ஆக்கள் கொண்டு போடுவினம்" என்று கனபேர் சொல்கிறீர்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை, ஏ.எல். எடுத்ததோடு படிப்பு முடிந்தது, இப்போது பக்டரியில் நிற்கிறேன். ஆனால் குத்தகைப் பத்திரத்தின் நகலை முழுதாக வாசித்தேன். விளங்காத இடங்களைச் சொலிசிற்றரிடம் கேட்டேன். வாடகை ஏன் குறைவு என்பதற்கு விடை அந்தப் பத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

முதல் விசயம், இது அரசாங்கம் பட்டியலில் போட்ட கட்டடம், லிஸ்ரட் பில்டிங். இரண்டாம் தரம். இங்கிலாந்தில் அப்படி 350,000க்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன, அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இரண்டாம் தரம்தான். "இரண்டாம் தரம் தானே, பெரிசா ஒண்டுமில்லை" என்று ஒரு அண்ணை சொன்னார். அப்படியில்லை. அனுமதி பெறவேண்டிய சட்டம் எல்லாத் தரத்துக்கும் ஒன்றுதான். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் முதலில் கவுன்சிலின் அனுமதி எடுக்கவேணும். வெளிச்சுவர் மட்டுமில்லை, உள்ளுக்கும் சேர்த்துத்தான். படிக்கட்டு, பழைய கதவு, மண்டபத்து மரக்கட்டைத் தளம் எல்லாம். 1948 யூலை 1க்கு முன்னம் முற்றத்தில் கட்டிய மதிலும் பழைய மலசலகூடமும்கூட அதோடு சேரலாம்.

அனுமதியில்லாமல் செய்தால் அது கிரிமினல் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது எல்லையில்லாத அபராதம், அல்லது இரண்டும். "பட்டியலிலை இருக்கிறது தெரியாது" என்பது சாட்டாகாது. நாங்கள் என்ன செய்ய யோசித்தோம்? குசினிப் புகை போகச் சுவரில் ஓட்டை, குளிருக்குப் பிளாஸ்டிக் யன்னல், தளத்துக்கு ரைல்ஸ். மூன்றுக்கும் அனுமதி கேட்கவேணும். பிளாஸ்டிக் யன்னலுக்குக் கிடைப்பது மிக அரிது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, அது ஒரு ஆறுதல். ஆனால் படம் கீற ஆளுக்குக் காசு வேணும்.

இன்னொன்று. "சேர்ச்சுகள் கவுன்சிலைக் கேட்காமல் செய்யினம் தானே" என்று கேட்டார்கள். அந்த விலக்கு சில கிறிஸ்தவ சபைகளுக்கு மட்டும். பழைய சேர்ச்சை வாங்கிக் கோயிலாக்கினாலும் எங்களுக்கு அது வராது. பழைய கட்டடத்தை மாற்ற வற் வரி இல்லை என்ற கதையும் பழசு; 2012 ஒக்ரோபர் 1உடன் அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது 20 வீதம்.

இனிப் பத்திரத்துக்கு வருவம். ஊரில் வாடகை வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்புவோம். இங்கே முழுத் திருத்த வேலையும் குத்தகைக்காரர் தலையில். "நல்ல நிலையில் வைத்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டால், இப்போது பழுதாய்க் கிடப்பதையும் நாங்கள்தான் நல்ல நிலைக்குக் கொண்டுவரவேணும் என்று நீதிமன்றம் 1890இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கூரை இப்போதே ஒழுகுகிறது. ஸ்லேற் கூரைக்கு ஸ்லேற் தான் போடவேணும், மலிவான சீற் போடமுடியாது. குத்தகையும் பட்டியலும் சேர்ந்தால் செலவு இரட்டிக்கும் என்பது இதுதான்.

பின்பக்க வகுப்பறையில் மூன்று யன்னல் ஏற்கெனவே பிளாஸ்டிக். போட்டவர் யாரோ. அனுமதியில்லாமல் போட்டிருந்தால், மாற்றச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பக் கால எல்லையே கிடையாது. போட்டவரைத் தேடிப் போகவேணும் என்றும் இல்லை, இப்போது கட்டடத்தை வைத்திருப்பவருக்கு அனுப்பலாம். சட்டப்படி வரும் கட்டளை எல்லாவற்றையும் எங்கள் செலவில் நிறைவேற்றுவோம் என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது.

இன்னொரு வரியை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்தது. குத்தகை முடியும்போது நாங்கள் செய்த மாற்றங்களை அகற்றி முன்போல ஆக்கித் தரவேணுமாம். அகற்றுவதற்கும் கவுன்சில் அனுமதி வேணும்! கவுன்சில் மறுத்தால்? பத்திரம் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தச் சட்டத்தில் எனக்குக் கோபமில்லை. 1980 ஓகஸ்ட் விடுமுறை நாட்களில், பட்டியலில் வரமுன்னம், பிறென்ற்போட்டில் ஃபயர்ஸ்ரோன் பக்டரியை இடித்துத் தள்ளினார்கள். இப்படியான சட்டம் எதற்கென்று அதிலே விளங்கும். பிறிக் லேன் பள்ளிவாசலைப் பாருங்கள். பிரான்சிலிருந்து தப்பி வந்த புரட்டஸ்தாந்து அகதிகள் 1743இல் கட்டியது. பிறகு மெதடிஸ்த ஆலயம், 1898இல் யூதர்களின் தொழுகையிடம், 1976இல் வங்காளிகளின் பள்ளிவாசல். வந்தவர்கள் மாறினார்கள், சுவர் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் அப்படியொரு கட்டடத்தில் தமிழ் படித்தால் எனக்குச் சந்தோசம்தான்.

ஆனால் கையெழுத்து வைப்பது யார்? எங்கள் சங்கம் பதிவான கொம்பனி இல்லை, சட்டத்தின் கண்ணில் ஒரு ஆளே இல்லை. அதனால் குத்தகை நாலு பேரின் பேரில்தான் எழுதப்படும். சங்கத்திடம் காசில்லாவிட்டால் அந்த நாலு பேரின் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்த நாலு பேரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். மோட்கேஜ் கட்டுகிறவர்கள், ஓவர்ரைம் செய்கிறவர்கள். கைதட்டி அவர்களை மேடைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டை போகேலாது.

ஆகவே கட்டடக் குழு கேட்பது: முதலில் சங்கத்தை அறக்கட்டளைக் கூட்டமைப்பாக, 2013 முதல் இருக்கும் சி.ஐ.ஓ. முறையில் பதியுங்கள், குத்தகை அதன் பேரில் வரட்டும். பழைய கட்டடம் தெரிந்த சர்வேயர் ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, நிலையை எழுதி, பத்திரத்தோடு இணைப்போம். அதைவிட நல்லாய்த் திருப்பித் தரத் தேவையில்லை என்று எழுதுவிப்போம். கூரையும் அந்த மூன்று யன்னலும் கட்டடக்காரர் பொறுப்பு என்று கேட்போம். கவுன்சில் மறுத்தால் மாற்றங்களை அப்படியே விட்டுப் போகலாம் என்றும் ஒரு வரி.

அவர் இதற்கு ஒத்துவந்தால் நானே முதல் ஆளாய்க் கை உயர்த்துவேன். சர்வேயருக்கான செலவை இன்று வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னம் கேள்வி இருந்தால் கேளுங்கள், பத்திரம் என் கையில் இருக்கிறது.