எட்டாம் நாள்

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், "பிழைத்ததே பெரிது" என்று ஊரார் பெருமூச்சு விடுகின்றனர். தையல் பிரித்தாயிற்று, முடி வளர்ந்து வடுவையும் மறைத்துவிடும். பெற்றோரின் நெடுந்துயரம் அன்றுதான் தொடங்குகிறது.

மூளைக் காயத்தின் இயல்பு அத்தகையது. சில மாதங்களில் குழந்தை நடக்கிறது, பேசுகிறது. வகுப்பிலோ விரைவில் களைத்துச் சாய்கிறது. சற்றுமுன் சொன்னதை மறக்கிறது. சிறு ஓசைக்கும் சீறுகிறது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் உதவும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருப்பது. ஐந்து வயதில் அங்கு நேர்ந்த சேதம், பாடச்சுமை ஏறும் பன்னிரண்டாம் வயதில் வெளிப்படக்கூடும். அதற்குள் விபத்தையே எல்லோரும் மறந்திருப்பர். ஆசிரியர் சோம்பேறி என்பார். தந்தை பிரம்பை எடுப்பார். தான் ஏன் அடிவாங்குகிறோம் என்பது அந்தப் பிள்ளைக்கே விளங்காது.

அரசின் கணக்கு வேறு. 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, 7 நாட்களுக்குச் செலவை ஏற்கிறது. உயிர்காக்கும் ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. எட்டாம் நாள் முதல் பேச்சுப் பயிற்சிக்கும் உடற்பயிற்சிக்கும் யார் பொறுப்பு? ஒவ்வொரு பயணத்துக்கும் பேருந்துக் கட்டணம் போகும். ஒருநாள் கூலியும் போகும். நாளடைவில் தாய் வேலையை விடுகிறாள். அவள் மீண்டும் வேலைக்குப் போனால், மூத்த மகள் பள்ளியை விட்டு நிற்கிறாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. விபத்தால் நேரும் மூளைக் காயம் அவற்றில் தனி வகையாக இல்லை. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் 1990லேயே அதைத் தனி வகையாக ஏற்றது. இங்கோ குழந்தை வேறொரு வகையின் பெயரில் 40 விழுக்காட்டை எட்டிக் காட்ட வேண்டும். அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றிப் பேசுகிறது. அரசின் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் என்ற நிபந்தனையோடு! பெருமுதலாளிகளின் வாராக்கடன் கணக்கிலிருந்து நீக்கப்படும்போது அந்த எல்லை எவருக்கும் நினைவில் வருவதில்லை.

பள்ளியில் வேண்டுவன அரியவை அல்ல. முதலில் அரைநாள் வகுப்பு, இடையே ஓய்வு, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, தேர்வில் கூடுதல் நேரம். இவற்றை முறையாகச் செய்யச் சிறப்பாசிரியர் தேவை. தொடக்கநிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்குமேல் 15 பேருக்கு ஒருவர் என 2021இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் அவர்களுள் எத்தனைபேர் நிரந்தரப் பணியில் உள்ளனர் என்று மாணவர், ஆசிரியர் அமைப்புகள் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கிளைத் தோழர்கள் தங்கள் பகுதியில் தலைக்காயத்துடன் மீண்ட பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்லட்டும். மருத்துவமனை தந்த விடுவிப்புச் சீட்டின் நகல் தலைமையாசிரியரிடம் இருக்கிறதா என்பதே அங்குக் கேட்க வேண்டிய முதற் கேள்வி.