எம்.எஸ்ஸி. அவசியமா?

(பாலக்காட்டில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)

பி.எஸ்ஸி. முடிக்கப் போகும் குழந்தைகளும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோரும் இங்கே வந்திருக்கிறார்கள். "மேலே எம்.எஸ்ஸி. சேர்க்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் பி.எஸ்ஸி. பௌதிகத்தோடு சர்க்கார் வேலைக்குப் போனவன். ரிடையர் ஆகும்வரை அங்கே யாரும் என்னிடம் எம்.எஸ்ஸி. கேட்கவில்லை. ஆனால் கேட்கிற இடங்களும் உண்டு.

இடுக்கி ஜில்லா பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர் அன்னா மணி. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, பெங்களூரில் ஸர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் வெளியிடும் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி. ஒரு பிளேட்டில் நிறமாலை பதிய 15, 20 மணி நேரம்கூட ஆகும். பல ராத்திரிகள் ஆய்வுக்கூடத்திலேயே படுத்திருக்கிறார். 1942 முதல் 1945 வரை தனியாகவே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆனால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர மறுத்துவிட்டது. காரணம், எம்.எஸ்ஸி. இல்லை!

அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து வந்தார். 1948-ல் வானிலைத் துறையில் சேர்ந்து, 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். அவருக்கு முடிந்ததே என்று நாம் சொல்லிவிடலாம். அதற்கு ராமனிடம் பயின்ற கை வேண்டும்.

இன்று விதி மாறியிருக்கிறது. 2022-ல் வந்த யு.ஜி.சி. விதிப்படி, நான்கு வருஷ டிகிரியில் 75 சதவீதம் வாங்கினால் எம்.எஸ்ஸி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் நான்கு வருஷப் படிப்பு 2024-ல் தொடங்கியது. மூன்றாம் வருஷ முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், அல்லது இன்னொரு வருஷம் படித்து ஆனர்ஸ் வாங்கலாம். ஆகவே ஆராய்ச்சியில் ஆசை உள்ள பிள்ளை அந்த நான்காம் வருஷத்தை விடக்கூடாது. மூன்று வருஷப் பட்டம் மட்டும் உள்ளவர்கள் எம்.எஸ்ஸி. வழியாகத்தான் போகவேண்டும், ஜாம் தேர்வு எழுதினால் நம்மூர் ஐ.ஐ.டி.யிலேயே படிக்கலாம். இங்கே ஹையர் செகண்டரி வாத்தியார் ஆகவும் முதுகலைப் பட்டம் வேண்டும், கூடவே பி.எட்., செட் தேர்வு. பாங்க், ஐ.ஏ.எஸ். பரீட்சைகளுக்கு வெறும் டிகிரி போதும்.

பெண் குழந்தையை, "வரன் அமையும்வரை ஏதாவது படிக்கட்டும்" என்று எம்.எஸ்ஸி.யில் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேளுங்கள்.

டிபன் சமயத்தில் நான் இங்கேதான் இருப்பேன். குழந்தைகள் மார்க் லிஸ்டை எடுத்துக்கொண்டு வரலாம். அப்பா, அம்மா சற்றுப் பொறுத்து வந்தால் போதும்.