விதியும் வழக்கமும்



காஞ்சித் தறியில் கோர்வைச் சேலை நெய்வோர் உடலுக்கும் கரைக்கும் தனித்தனியே நாடா ஓட்டி, ஊடையோடு ஊடை பிணையச் செய்வர். இரு நிறங்களும் தத்தம் எல்லை கடவாமல் ஒரே துணியாகின்றன. அளந்து பெற்ற தரவையும் இயற்கையின் விதியையும் அவ்வாறே பிணைக்கும் முறையொன்று இயற்பியலில் வளர்ந்து வருகிறது.

ஒரு துகள் மற்றொன்றோடு மோதித் திசைமாறிச் செல்வது சிதறல் எனப்படும். பொற்றகட்டில் ஆல்ஃபா துகள்கள் சிதறிய பாங்கைக் கொண்டே 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை உய்த்துணர்ந்தார். சிதறலைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத விசையை அறியும் அப்பணி இன்று கணிப்பொறிக்கும் கற்பிக்கப்படுகிறது. தரவை மட்டுமே கற்ற பொறி, யாப்பறியாமல் ஓசையை மட்டும் போலச் செய்பவரை ஒக்கும். பழகிய எல்லைக்கு அப்பால் தளை தட்டும். ஆதலின், விடை அளவீட்டினின்று விலகுவதைப் பிழையெனக் கொள்வதோடு, இயற்பியல் சமன்பாட்டை மீறுவதையும் பிழையெனக் கொண்டு, இரண்டும் குறையுமாறு பொறியைப் பயிற்றுகின்றனர். 2019இல் ரைசி, பெர்டிகாரிஸ், கர்னியாடாக்கிஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இம்முறையைப் பரவலாக்கிற்று. அளவீடுகள் அருகியவிடத்தும் விதி துணைநிற்பதே இதன் சிறப்பு.

ஆயின், எதனை விதியெனக் கொள்வது? இவ்வினாவுக்குத் தமிழ் மண்ணில் பிறந்த சர் சி. வி. இராமனின் ஆய்வு வரலாறே விடை தருகிறது. 1923இல் கொல்கத்தாவில் அவர்தம் மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கீற்றொன்றைக் கண்டார். சிதறும் ஒளி நிறம் மாறாது என்பதே அன்றைய எண்ணம். எனவே, அது நீரின் மாசால் விளைந்ததெனக் கருதி, மீண்டும் மீண்டும் நீரைத் தூய்மை செய்தனர், கீற்று மறையவில்லை. அதே ஆண்டில் எக்ஸ்கதிர்ச் சிதறலில் அலைநீளம் மாறுவதைக் காம்ப்டன் வெளியிட்டார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள், கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, அக்கீற்று மாசன்று, மூலக்கூறோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறிய ஒளியே என்பதை இராமன் நிலைநாட்டினார். 1930இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

ஈண்டு ஊன்றி நோக்குக. ஆற்றல் அழியாமை விதி சிறிதும் பிறழவில்லை. ஒளி இழந்ததை மூலக்கூறு பெற்றது. உடைந்தது, விதிபோல் வேடமிட்டிருந்த வழக்கம் மட்டுமே. 'நிறம் மாறாது' என்பதையும் விதியெனப் புகட்டியிருந்தால், ஒரு பொறி அக்கீற்றைப் பிழையெனத் துடைத்தெறிந்திருக்கும். பொறிக்குள் விதியைப் பதிப்பவர் ஏற்கும் பொறுப்பு இத்தகையது.

கவிஞர்க்கும் இது புதிதன்று. யாப்பைக் காத்துப் பாடுவது புலமை. யாப்பு எது, பழக்கம் எது எனப் பிரித்தறிவது அதனினும் அரிய புலமை. மாசெனத் தோன்றும் கீற்றை மறுபடியும் உற்றுநோக்கும் பொறுமை ஆய்வுக்கூடத்திலும் அவையிலும் நிலைபெறுக.